மிளகாய் இல்லாத திருஷ்டி

பிப்ரவரி 12, திங்கள்

இந்த நோட்டைக் கையில் எடுக்கிற மகாஜனங்களுக்கு முதல் பக்கத்திலேயே சத்தியம் செய்து தருகிறேன். இனி வரப்போகும் கதையில் ஒரு வரியைக்கூட நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பிவிட்டேன் என்று யாராவது வந்து நின்றால் அவரை என் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன்.

நான் தனுஷ்கோடி. வயது அறுபத்திரண்டு. கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கண்டக்டர். நாற்பத்தெட்டுப் பேர் உட்காரும் வண்டியில் நானூறு பேரை ஏற்றியவன். ஒருமுறை கூட்டம் தாங்காமல் ஒரு கல்யாணக் கோஷ்டியைக் கூரை மேல் ஏற்றினேன். முகூர்த்தம் வழியிலேயே வந்துவிட்டதால் எட்டயபுரம் வளைவில் தாலி கட்டு நடந்தது. நாதஸ்வரத்துக்கு ஆள் இல்லாமல் நான்தான் விசில் ஊதினேன். அவர்கள் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது வேறு கதை. அதில் மூன்று இளவரசிகள் வருகிறார்கள். இன்றைக்கு அவர்களை வரவேற்கத் தெம்பில்லை.

இந்த நோட்டு வந்த விதம் இது. மூன்று வாரத்துக்கு முன்னால் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே மாஸ்டர் எதையோ வறுத்தார். எனக்கு மூச்சு அடைத்தது, இலை மேலேயே விழுந்தேன். என் அக்கா மகள் கிருஷ்ணவேணி மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அவள் வந்து என்னை அள்ளிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். படம் எடுத்தார்கள், ஊதச் சொன்னார்கள். நுரையீரல் டாக்டர், “நெஞ்சுல ஒண்ணுமில்ல பெரியவரே, பதினாலாம் நம்பர் ரூமுக்குப் போங்க” என்றார்.

பதினாலாம் நம்பர் ரூமில் ஜெசிந்தா மேடம் இருந்தார். மனநல ஆலோசகர்.

“இந்த மாதிரி மூச்சு முட்டினது முதல் தடவை எப்ப ஐயா?”

“எண்பத்திமூணுல மேடம். வைப்பாத்துல ஒரு முதலையோட சண்டை போட்டேன். தண்ணிக்குள்ள ஒரு மணி நேரம்.”

“வைப்பாத்துல தண்ணி ஏது?”

“அதான் மேடம். முதலைக்கும் தாகம்.”

மேடம் சிரிக்கவில்லை. ‘முதலை, வைப்பாறு’ என்று எழுதிக்கொண்டார். பிறகு இந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

“இதுல தினம் ஏதாவது எழுதுங்க. நான் படிக்க மாட்டேன். பொய்யா எழுதினாலும் பரவாயில்ல. ஆனா தேதி மட்டும் உண்மையா போடணும்.”

ஆக, மேலே உள்ள தேதி உண்மை.

பிப்ரவரி 13, செவ்வாய்

தயிர்சாதம். வேறு விசேஷம் இல்லை.

பிப்ரவரி 15, வியாழன்

வேணி என்னை என் ஒற்றை அறைக்குத் திரும்பப் போகவிடவில்லை. அவள் வீட்டிலேயே ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை. வீட்டில் வேணி, அவள் மகள் மதி, என் அக்கா குருவம்மாள். மதிக்கு ஐந்து வயது. என்னைப் பொய்த் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறாள். இதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

இந்த வீட்டில் ஒரே ஒரு சங்கடம். காலை எட்டரைக்கும் சாயங்காலம் ஆறரைக்கும் தாளிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து எனக்குத் தெருவில் அவசர வேலை வந்துவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று தெரு நடந்து, சாக்கடை மூடி, மின்கம்பம் எல்லாவற்றையும் பார்வையிட்டுவிட்டு வருகிறேன். கடைசி வீட்டம்மா நான் முனிசிபாலிட்டி ஆபீசர் என்று நினைத்து மனுவே கொடுத்துவிட்டார். வாங்கி வைத்திருக்கிறேன்.

“கடுகு வெடிச்சாப் போதும், இவனுக்குக் கால்ல சக்கரம் முளைச்சிரும்” என்றாள் அக்கா.

இன்று சாப்பிடும்போது வேணி விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

“மாமா, பங்குனி உத்திரத்துக்கு நம்ம சாஸ்தா கோயில்ல மதிக்குக் காது குத்துறோம். எனக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. நீங்கதான் மடியில வச்சு உக்காரணும்.”

“நானா? எனக்கு அன்னைக்கு டெல்லியில கூட்டம் இருக்கே.”

“இவ காது குத்துக்கே மடி தராம ஓடுனவன்தான” என்றாள் அக்கா.

அது உண்மைதான். முப்பது வருடத்துக்கு முன்னால் அதே கோயிலில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். நாற்பது பொங்கல் அடுப்பு எரிந்தது. திடீரென்று அரசாங்கத்தின் ரகசிய அழைப்பு வந்தது, எழுந்து போய்விட்டேன். வேணியை யாரோ தூரத்துப் பெரியப்பா மடியில் வைத்துக் காது குத்தினார்கள்.

வேணி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எனக்கு அது ஞாபகம் இருக்காது மாமா, ரெண்டு வயசு. ஆனா போட்டோவுல இருக்கு. நான் யாரையோ தேடுற மாதிரி இருக்கு.”

மோர் ஊற்றிக்கொண்டேன்.

“இந்தத் தடவ ஓடிராதீங்க. அவ்வளவுதான் சொல்வேன்.”

பிப்ரவரி 19, திங்கள்

ஜெசிந்தா மேடம் என் சட்டைப் பையைப் பார்த்து, “அது என்ன ஐயா தொங்குது?” என்றார். என் விசில்தான். வேலையை விட்டு நாலு வருடமாகியும் அது இல்லாமல் நான் குளிக்கப் போனதுகூட இல்லை. ஒன்று ஊதினால் நில், இரண்டு ஊதினால் போ. முப்பத்தொரு வருடம் என் பாஷையே அதுதான்.

“அதை வாயில வச்சு சத்தம் வராம ஊதுங்க பாப்போம். மெதுவா. எவ்வளவு நேரம் ஊத முடியுதோ அவ்வளவு நேரம்.”

சத்தம் வராமல் விசில் ஊதுவது எவ்வளவு கஷ்டம் என்று அது வாயில் இருப்பவனுக்குத்தான் தெரியும். நாலு தடவை கீச்சென்று கத்தி, வராந்தாவில் இருந்த நோயாளிகள் எல்லாம் எழுந்து நின்றார்கள். ஐந்தாவது தடவை வந்தது.

“மூச்சு முட்டும்போது எல்லாரும் உள்ள இழுக்கத்தான் பாப்பாங்க. நீங்க வெளிய விடுங்க. விட்டா உள்ள வர்றது தானா வரும்.”

இதற்குப் படிப்பு வேறா என்று கேட்டேன். ஆறு வருடம் என்றார்.

பிப்ரவரி 21, புதன்

மதி கதை கேட்டாள். காகம் கதை சொன்னேன். இது என் தலைசிறந்த சரக்கு. எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் பஸ்ஸில் சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஊரில் ஒரு அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனாள். காதில் இருந்த தங்கத் தோட்டைக் கழற்றினாள். எங்கே வைப்பது? ஈரச் சோப்பில் குத்தி வைத்தாள். ஒரு காகம் வந்து சோப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, தோட்டோடு. அது நேராக இலங்கைக்குப் பறந்தது. அங்கே ஒரு சோப்புக் கடை போட்டது. காகங்களெல்லாம் வாங்கித் தேய்த்து வெள்ளையாகிவிட்டன. அதற்குப் பெயர்தான் கொக்கு.

“பொய்! பொய்!” என்று மதி கை தட்டினாள். “தோடு என்னாச்சு?”

“காக்கா பொண்டாட்டி போட்டுக்கிச்சு.”

அக்கா பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கதை பாதியில் இருக்கும்போதே முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கீரை ஆய்வது அவளுக்கு அலுத்துவிட்டது போலும். வயதாகிறது.

பிப்ரவரி 24, சனி

இன்று அரசாங்கம் என்னை மறுபடியும் அழைத்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் அக்கா என்னைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தாள். “தெருவுல நடந்து நடந்து ஊர்க்கண்ணு பூரா உம்மேலதான் கெடக்கு. அதான் மூச்சு முட்டுது. பேசாம உக்காரு” என்றாள். கல் உப்பு, தெரு மண், கை நிறைய மிளகாய் வத்தல். அதை என் தலையை மூன்று தடவை சுற்றினாள். நான் அவள் கையைப் பார்க்கவில்லை, மதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இரும்புச் சட்டியில் கங்கு தயாராக இருந்ததையும் பார்க்கவில்லை.

பிறகு நான் விளாத்திகுளம் பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்தேன். காலில் செருப்பு இல்லை. இடையில் உள்ள ஒரு கிலோமீட்டர் என்னிடம் இல்லை. பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. அதில் இப்போது கண்டக்டராக இருக்கும் பையன் என் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, “அண்ணாச்சி, எங்க போகணும்?” என்றான்.

முப்பத்தொரு வருடம் நான் கேட்ட கேள்வி. 

வேணி ஸ்கூட்டரில் வந்து என்னைக் கூட்டிப் போனாள். வீட்டு வாசலில் அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

“நெடி வரலைன்னாத்தான திருஷ்டின்னு சொல்லுவாக? இன்னைக்கு நல்லாக் காந்துச்சே. அப்ப இவனுக்குத் திருஷ்டியே இல்லியே. பெறகு எதுக்கு ஓடுனான்?”



பிப்ரவரி 25, ஞாயிறு

உள்ளங்கால் வலி. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 28, புதன்

மதி கேட்டாள்: “தாத்தா, எங்காது குத்துறப்பவும் பஸ்ஸுக்குப் போயிருவீங்களா?”

அன்று பஸ்கள் ஓடாது என்று சொன்னேன். டிரைவர்களுக்கெல்லாம் காது குத்து என்று சொன்னேன். அவள் “பொய்” என்று கத்தவில்லை. இதுதான் முதல் தடவை.

மார்ச் 4, திங்கள்

மேடம் இன்று என்னைத் தனியாகப் பார்க்கவில்லை. மாடி ஹாலில் ஏழு நாற்காலி வட்டமாகப் போட்டிருந்தது. திங்கட்கிழமைதோறும் இப்படிச் சிலர் உட்கார்ந்து பேசுவார்களாம். சின்ன வயதில் நடந்ததைச் சுமந்துகொண்டிருப்பவர்கள். “பேசணும்னு கட்டாயம் இல்ல. கேட்டுட்டுக்கூடப் போகலாம்” என்றார் மேடம்.

நான் கேட்கிற ஆளா? நல்ல பொய்யாக நாலு எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எதிரே மீசைக்காரர் ஒருவர். போலீசில் இருந்து ஓய்வு பெற்றவராம். அவர் மீசையில் இரண்டு பேர் ஊஞ்சல் ஆடலாம். அவர் சொன்னது இவ்வளவுதான்: “சின்ன வயசுல கயித்தக் கட்டிக் கெணத்துக்குள்ள எறக்கி விட்டுட்டு, மேல மூடிட்டாங்க. நீச்சல் பழக்குறாங்களாம். இன்னைக்கும் நான் குளிக்கும்போது கதவைத் தாப்பாப் போடுறதில்ல. எம்பொண்டாட்டி வாசல்ல காவலுக்கு உக்காந்திருப்பா. நாப்பது வருசமா.”

யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவ்வளவுதான்.

என் முறை வந்தது. முதலையைத் தேடினேன். வரவில்லை. இளவரசிகளைத் தேடினேன். ஒருத்தியும் இல்லை. பிறகு என் வாய் என்னைக் கேட்காமல், “எங்க வீட்டுல மொளகா” என்றது.

அதற்கு மேல் போகவில்லை. மேடமும் கேட்கவில்லை. மீசைக்காரர்தான் கேட்டார்.

“தலகீழாவா?”

“ஆமா. உத்தரத்துல.”

“எங்க தெருவுல சாக்கப் போட்டு மூடிப் பொகை போடுவாங்க.”

“நம்ம பக்கம் எல்லாப் புள்ளைகளுக்கும் போடுறதுதானங்க. நமக்கு மட்டுமா?” என்றேன். கண்டக்டர் குரலில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

மேடம் சொன்னார்: “பஸ்ல கூட்டம்னா, உங்க காலை மிதிச்சா வலிக்காதா ஐயா?”

இந்தப் பெண்ணுக்கு ஆறு வருடப் படிப்பு வீண் போகவில்லை.

(மேற்படி பத்தி முழுவதும் பொய். என் அப்பா மிகவும் நல்லவர். ஊரில் விசாரித்துக்கொள்ளலாம்.)

மார்ச் 6, புதன்

வேணி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் ஒரு சொல் சொன்னேன். “மொளகா.”

“என்ன மாமா?”

“அதான் மூச்சு. வேற ஒண்ணுமில்ல.”

தினம் நூறு பேருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். யார் எதற்கு வாங்குகிறார்கள் என்று தெரிந்தும் கேட்காமல் உறையில் போட்டுக் கொடுத்துப் பழகியவள். “சரி மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

மார்ச் 9, சனி

வீட்டில் மிளகாய் டப்பாவைக் காணோம். மிளகு ரசம், மிளகுக் குழம்பு, மிளகு போட்ட பொரியல். மிளகும் மிளகாயும் நெருங்கிய சொந்தம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். பங்காளிகள்கூட இல்லை என்று இன்று தெரிந்தது. எட்டரைக்கு வேணி தாளித்தாள். நான் வீட்டுக்குள்ளேயே, நாற்காலியில், பேப்பர் படித்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பேப்பரில் என்ன எழுதியிருந்தது என்று கேட்காதீர்கள்.

அக்காவின் குரல் சமையலறையிலிருந்து கேட்டது.

“வத்தல் டப்பா எங்கடி?”

“மாமாவுக்கு ஆகாதும்மா. தூக்கிப் போட்டுட்டேன்.”

“ஆகாதுன்னு அவனா சொன்னான்?”

“ஆமா.”

“வேற என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல.”

அக்கா மத்தியானம் சாப்பிடவில்லை. பசியில்லை என்றாள்.

மார்ச் 14, வியாழன்

மொட்டை மாடியில் அக்கா கூழ் வடகம் பிழிந்து காய வைத்திருந்தாள். காகம் ஓட்டுவதற்கு நான் நியமிக்கப்பட்டேன். குடையைப் பிடித்துக்கொண்டு, கையில் கம்போடு, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன். கோவில்பட்டிக் காகம் அத்தனையும் என் பேரைக் கேட்டால் நடுங்கும். மணி பதினொன்று இருக்கும். அக்கா படியேறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏலே. அந்தக் காக்கா.”

“எந்தக் காக்கா?”

“சோப்பத் தூக்கிட்டுப் போனது.”

“அது வெறும் கதைக்கா. புள்ளைக்குச் சொல்றது.”

“நானும் பாத்தேன்டா.”

நான் குடையை மாற்றிப் பிடித்தேன்.

“தொவைக்கிற கல்லுக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன். அம்மா தலைக்கு ஊத்திக்கிட்டிருந்தா. அது வந்து உக்காந்துச்சு. செவப்பு சோப்பு. தோடு ரெண்டும் அதுல குத்தியிருந்துச்சு. வாயில கவ்வுச்சு, வழுக்குச்சு, மறுபடியும் கவ்வுச்சு. வேப்பமரத்துக்கு மேலால போயிருச்சு. நீ வெரட்டிக்கிட்டே ஓடுன. டவுசர் அவுந்து விழுந்துச்சு. அதைக்கூட நான் பாத்தேன்.”

டவுசர் விஷயம் நான் யாருக்கும் சொன்னதில்லை.

“தோட்ட நீதான் எடுத்தேன்னு உன்னக் கட்டுறதுக்கு முன்ன அப்பா எங்கிட்டக் கேட்டாருல்ல, காக்காவ நீ பாத்தியாட்டின்னு. கையில வத்தல வச்சுக்கிட்டுத்தான் கேட்டாரு. எனக்குப் பன்னெண்டு வயசு. பாத்தேன்னா என்னையும் கட்டுவாருன்னு நெனச்சேன். பாக்கலன்னு சொல்லிட்டேன்.”

ஒரு காகம் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அடுப்ப ஊதுன்னாரு. ஊதுனேன்.”

இந்த இடத்தில் ஏதாவது சொல்லியாக வேண்டும். நான் சொன்னேன்: “நல்லாத்தான் ஊதுன. பத்தலைன்னு யாரும் கொற சொல்ல முடியாது.”

அவள் சிரிக்கவில்லை. என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அப்புறம் அந்தக் கையை எடுக்கவில்லை.

“அதுக்கப்பறம் நீ உண்மையே பேசலடா” என்றாள்.

அம்மா அதற்குப் பிறகு தோடு போடவில்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள். சாகும்போதும் காதில் குச்சிதான். வேணியின் காது குத்தில் ஆசாரி ஊசியை எடுத்தபோது எனக்கு அந்தக் குச்சிதான் தெரிந்தது. அடுப்புப் புகையும் சேர்ந்துகொண்டது. அரசாங்கம் என்னை அழைத்ததெல்லாம் அப்புறம் சேர்த்துக்கொண்டது.

நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடகம் முழுவதையும் காகங்கள் தின்றுவிட்டன. ஒருவரும் கம்பை எடுக்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

பகல் முழுவதும் தூங்கினேன். மதி வந்து மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாளாம்.

மார்ச் 18, திங்கள்

வீட்டு மொட்டை மாடியில் நடந்ததை மேடத்திடம் சொன்னேன். வட்டத்தில் வைத்துத்தான் சொன்னேன். சுருக்கமாக. மீசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசி என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

“இப்ப எப்படி இருக்கு ஐயா?”

“களைப்பா இருக்கு மேடம். சந்தோசம், கோவம் அதெல்லாம் ஒண்ணும் இல்ல. மூட்டை தூக்கிட்டு எறக்கி வச்சவன் மாதிரிகூட இல்ல. சும்மா களைப்பு.”

“ஐம்பத்தஞ்சு வருசமா ஓடியிருக்கீங்க. களைக்காதா?”

அக்கா மீது கோபம் வந்தாலும் தப்பில்லை என்றார். வராவிட்டாலும் தப்பில்லை என்றார். இன்னும் கொஞ்ச நாள் கழித்து வந்தாலும் வரலாமாம். கால அட்டவணை இல்லாத பஸ் இது.

பிறகு கோயிலைப் பற்றிப் பேசினோம். பொங்கல் அடுப்புகள் அணைகிற நேரமாகப் பார்த்துப் போவது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் உட்காருவது. வேணி பக்கத்தில் நிற்பது. விசில் கையில்.

“அப்பவும் முடியலைன்னா?” என்றேன்.

“எழுந்து போங்க. ஆனா சொல்லிட்டுப் போங்க. சொல்லிட்டுப் போனா அது ஓடுறது இல்ல.”

மார்ச் 22, வெள்ளி

பட்டு வேட்டியை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறது. மடிப்பில் மறைத்துவிடலாம்.

மார்ச் 25, திங்கள். பங்குனி உத்திரம்

இன்றைக்கு ஜனத்தொகை எழுபது லட்சம். நம்பாவிட்டால் போங்கள். உடைமரங்களுக்கு நடுவில் சாஸ்தா கோயில், சுற்றிலும் பொங்கல் பானைகள். நாங்கள் தாமதமாகத்தான் போனோம். மேற்குப் பக்கம், காற்று வருகிற பக்கமாக, சமுக்காளம் விரித்து உட்கார்ந்தேன். மடியில் மதி. புதுப் பாவாடை மொரமொரவென்றது. இவ்வளவு கனமாக இருப்பாள் என்று நினைக்கவில்லை.

ஆசாரி ஊசியை எடுத்தார். சொந்தக்காரர்கள் குனிந்து பார்த்தார்கள். அப்போது பத்தடி தள்ளி வேறு ஒரு குடும்பம், அவர்கள் பிள்ளைக்குச் சுற்றிய மிளகாயை அடுப்பில் போட்டது. காற்றும் திரும்பியது.

முதலில் தொண்டை. பிறகு கண். உத்தரம் தெரிந்தது. தலைகீழாக ஒரு வாசல், தலைகீழாக அம்மா, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு. ஒரு சின்னப் பெண் அடுப்பு முன்னால் குனிந்திருக்கிறாள். என் கால்கள் எனக்கு முன்பே கிளம்பிவிட்டன.

விசிலை வாயில் வைத்து ஒரே ஒரு ஊது ஊதினேன்.

நில்.

எழுபது லட்சம் பேரும் நின்றார்கள். ஆசாரியின் கை அந்தரத்தில் நின்றது. பூசாரி மணியை நிறுத்தினார்.

“மதிக்குட்டி, தாத்தாவுக்கு மொளகா நெடி ஆகாது. அந்தா அந்த மரம் வரைக்கும் போயிட்டு வாரேன். வந்துருவேன்.”

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். “பொய்யா?”

“இல்ல.”

“சரி.” இறங்கி அக்கா மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

வேணி கூடவே வந்தாள். மரத்தடியில் விசிலைச் சத்தமில்லாமல் ஊதினேன். பதினோரு தடவை. தூரத்தில் விளாத்திகுளம் பஸ் ரோட்டில் வந்து நின்று, ஆள் இறக்கி, போனது. இரண்டு பேருமே அதைப் பார்த்தோம். வேணி என் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்றாள். அந்தப் பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகு, “போலாமா மாமா?” என்றாள்.

திரும்பி வந்து சமுக்காளத்தில் உட்கார்ந்தேன். மதியை வாங்கி மடியில் வைத்தேன். இரண்டு ஊது ஊதினேன்.

“ரைட்” என்றார் ஆசாரி.

வலது காதுக்கு வானம் கிழிகிற மாதிரி அழுதாள். இடது காதைப் பொத்திக்கொண்டு, காகம் கதை சொன்னால்தான் கையை எடுப்பேன் என்றாள். சொன்னேன். சோப்பு, தோடு, இலங்கை, கொக்கு. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். “வாயைத் தொறந்தா புளுகுதான் இவருக்கு” என்றார் ஒருவர்.

“அது புளுகு இல்ல” என்றாள் அக்கா. சத்தமாக. “காக்கா தூக்கிட்டுப் போனது நெசம். நானும் பாத்தேன்.”

சிரிப்பு நின்றது. மதி அழுகையை விட்டுவிட்டுக் கேட்டாள்: “அப்ப ஆச்சி, இலங்கைக்குப் போனது?”

“அது எனக்குத் தெரியாது. வேப்பமரம் வரைக்கும்தான் எங்கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு.”

அந்த யோசனையில் இருக்கும்போதே ஆசாரி இடது காதை முடித்துவிட்டார்.

கடைசியாக அக்கா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துச் சுற்றினாள். கல் உப்பும் கற்பூரமும் மட்டும். நாத்தனார் முறைக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, “என்ன மதினி, வத்தல மறந்துட்டீகளா? இந்தா எங்கிட்ட இருக்கு” என்றாள்.

“எங்க குடும்பத்துல மொளகா சுத்துற வழக்கமே கெடையாது” என்றாள் அக்கா. கண் சிமிட்டாமல். “பாட்டன் முப்பாட்டன் காலத்துல இருந்தே.”

என்ன ஒரு புளுகு! நானே எழுந்து நின்று மரியாதை செய்திருப்பேன், மடியில் பிள்ளை இருந்தது. என் அக்கா வாழ்க்கையில் சொன்ன இரண்டாவது பொய் அது.

மார்ச் 26, செவ்வாய்

மதியின் காது வீங்கியிருக்கிறது. வேணி மருந்து போட்டாள். எனக்கு இடுப்பு வலி. திங்கட்கிழமை மறுபடியும் மாடி ஹாலுக்குப் போக வேண்டும். அதற்கடுத்த திங்களும். மீசைக்காரர் அடுத்த வாரம் மனைவியைக் கூட்டி வருகிறாராம்.

நோட்டில் கடைசிப் பக்கம் வந்துவிட்டது. நம்ப மாட்டீர்கள் என்று ஆரம்பத்திலேயே சத்தியம் செய்தேன், காப்பாற்றிவிட்டேன். வைப்பாற்றில் முதலை இல்லை. பஸ் கூரையில் கல்யாணம் நடக்கவில்லை. இளவரசிகள் மூன்று பேரும் வெறும் டிக்கெட் வாங்கிய பெண்கள், இறங்கிப் போய்விட்டார்கள். என்னை எந்த அரசாங்கமும் எப்போதும் அழைத்ததில்லை.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. தேதியோடு சேர்த்து அதையும் எழுதி வைக்கிறேன்.

அந்தத் தோட்டை நான் எடுக்கவில்லை, அப்பா. காகம்தான் எடுத்தது.